எதிரே வருகிறவள்

"சன்னலோரம் எனக்கு. மடியில கொடம் இருக்கு, பாத்து ஒக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே கொளஞ்சியம்மாள் வேனில் ஏறினாள். அன்றைக்கு விமானம் ஏறப்போகிற என் மச்சினன் அரங்கநாதனே எழுந்து நடு இருக்கைக்கு நகர்ந்துகொண்டான். எவர்சில்வர் குடத்துக்குள் ஒரு சொம்பு தண்ணீர் கிடந்தது. வெறுங்குடத்தோடு நல்ல காரியத்துக்குக் கிளம்பக்கூடாது. முழுக்குடமோ பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும்வரை வேனில் நிற்காது. ஆகவே ஒரு சொம்பு. அதிலும் பாதி, பாடாலூர் தாண்டுவதற்குள் பக்கத்தில் இருப்பவர் காலில் சிந்திவிடும். "வெளிநாடு போறப்ப காலு நனைஞ்சா நல்லதுதான்" என்பாள். அப்படி ஒரு சாஸ்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "இப்பச் சொன்னேன்ல" என்பாள்.

பெரம்பலூர் பஸ் நிலையத்தில் ஐந்து டீக்கடைக்கும் இரண்டு ஓட்டலுக்கும் தண்ணீர் சுமப்பவள் கொளஞ்சியம்மாள். காலையில் நாலு நடை, மாலையில் மூன்று நடை. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். கேட்டால் "மழ பெய்யாத வருசம் பொறந்தேன்" என்பாள், எங்கள் பக்கத்தில் அது எந்த வருஷமாகவும் இருக்கலாம். இருபது வருஷமாக இடது இடுப்பில் குடம் ஏறி ஏறி, குடம் இல்லாதபோதும் வலப்பக்கம் சாய்ந்துதான் நடப்பாள். நெற்றியில் எட்டணா அளவுக்குக் குங்குமம். மஞ்சள் பூசிய தாலிக்கயிறு எப்போதும் ரவிக்கைக்கு மேலே தெரியும்படி கிடக்கும். எங்கள் பள்ளிக்கூடப் பியூன் வில்லையை மாட்டிக்கொள்வதுபோல அதை அவள் மாட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்கவேண்டுமென்றால் அரியலூருக்குப் போகவேண்டும். ஆனால் விமானம் ஏறியவர்கள் தெருவுக்கு இரண்டு பேராவது உண்டு. துபாய், சவுதி, மஸ்கட் என்று கரம்பைக் காட்டை விட்டுவிட்டு மணல்காட்டுக்குப் போகிறார்கள். அப்படிப் போகக் கிளம்பி, பம்பாய் வரைக்கும் போய் இரண்டு தடவை ஏமாந்து திரும்பியவன் குழந்தைவேல். மூன்றாம் தடவை அவன் திருச்சி பஸ்ஸில் கால் வைத்தபோது, கொளஞ்சியம்மாள் டீக்கடைக்கு நிறைகுடத்தோடு எதிரே வந்தாள். அவன் சவுதி போய்ச் சேர்ந்தான். முதல் கடிதத்தில், பெண்டாட்டியை விசாரிப்பதற்கு முன்னால் "எதிர வந்த தண்ணிக்கார அக்காவை விசாரித்ததாகச் சொல்லவும்" என்று எழுதினான். அந்தக் கடிதத்தை டீக்கடையில் உரக்கப் படித்தார்கள். மறுவாரமே ஒரு வீட்டுக்காரர்கள் வந்து அவளை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சகுனம் தானாக அமையவேண்டும், ஆள் வைத்து அமைக்கக்கூடாது என்று ஒரு விதி உண்டு. விதியைத் தெரிந்தவர்களும் ஆள் வைத்துத்தான் அமைத்துக்கொள்கிறார்கள். கொளஞ்சியம்மாள் இதற்குக் கூலி வாங்கமாட்டாள். "கூலி வாங்குனா அது வேலங்க. சகுனம் இல்ல" என்பாள். சன்னலோரம் வேண்டும், திரும்பும்போது சமயபுரத்தில் வண்டியை நிறுத்தி ஒரு காப்பி வேண்டும், அவ்வளவுதான். ஊர் திரும்புகிறவர்கள் தைலப் புட்டியோ பவுடர் டின்னோ கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் வீட்டில் கடுகும் சீரகமும் வெளிநாட்டு டின்களில் இருக்கின்றன. ரசத்தில் கொஞ்சம் பவுடர் வாசனை வரும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறவன். எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. என் மனைவி மலர்க்கொடிக்கு உண்டு. எங்கள் வீட்டில் நாள் பார்ப்பது அவள். அந்த நாளைக்கு லீவு எழுதிக் கொடுப்பது நான். வரதராசன்பேட்டைப் பிலவேந்திரன் துபாய்க்குப் போனபோது என்னைவிட உறுதியாக இருந்தார். "எங்களுக்கு இதெல்லாம் கெடையாதுங்க சார். வேன்ல ஒரு சீட்டு சும்மா கெடந்துச்சு, அந்தம்மாவ ஏத்திக்கிட்டோம்" என்றார். விமான நிலையத்தில் இறங்கிச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, "அம்மா, கொஞ்சம் நெழலுப் பக்கமா வாங்க. வெயில்ல கண்ணு கூசுது, கொடம் சரியாத் தெரியல" என்று கேட்டுக்கொண்டார்.

அவளுடைய முறை நான்கே அம்சம் கொண்டது. குடம் விளிம்புவரை நிறைந்திருக்கவேண்டும். நடையில் மூன்று சொட்டாவது தளும்பவேண்டும். போகிறவன் முகத்தைப் பார்க்கக்கூடாது, பாஸ்போர்ட் இருக்கும் பையைப் பார்க்கவேண்டும். "மூஞ்சியப் பாத்தா அழுதுடுவானுவ சார். தடித்தடியா மீசய வச்சிக்கிட்டு அழுவானுவ." கடைசியாக, தாண்டிப் போகும்போது அவன் காதில் மட்டும் விழும்படி, "வலது கால எடுத்து வையி. திரும்பிப் பாக்காத" என்பாள். வேலை முடிந்ததும் தண்ணீரை அங்கிருக்கும் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றிவிட்டு, குடத்தைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டு வந்து வேனில் உட்கார்ந்துகொள்வாள்.

இப்படி நாற்பது பேருக்கு மேல் வழியனுப்பிய கொளஞ்சியம்மாளின் புருஷன் செல்லப்பன், போய்ப் பத்து வருஷமாகத் திரும்பவில்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்தவன். 1976இல் யாரோ ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு, அரியலூரில் ரயிலேறிப் பம்பாய் போய், அங்கிருந்து அரபு நாட்டுக்குப் போனான். அவனுக்கு எதிரே யார் வந்தார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "கல்லு ஏத்துன கூட்சு வண்டிதான் சார் வந்துச்சு. அது நல்லதா கெட்டதான்னு எந்தப் பஞ்சாங்கத்துலயும் போடல" என்றாள். இரண்டு கடிதம் வந்தது. யாருடையதோ ஒரு காரில் சாய்ந்துகொண்டு எடுத்த போட்டோ ஒன்று வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, போனவனைப் பற்றிப் பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லையென்றால் காரியம் செய்துவிடலாம். கொழுந்தன்மார் விரலை மடக்கிக்கொண்டிருந்தார்கள்; நிலம் பிரிக்கவேண்டியிருந்தது. "பன்னெண்டு ஆவட்டும், பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்வாள். ஆக, ஊரையே நல்லபடியாக அனுப்பிவைக்கும் சுமங்கலியின் குங்குமம், தபால்காரர் ஒரு கடிதத்தையும் கொண்டுவராத காரணத்தால் நிலைத்திருந்தது. இது எல்லோருக்கும் தெரியும். வேனை அனுப்பி அழைக்கிறவர்களுக்கும் தெரியும். அப்படியே இருக்கட்டும் என்றுதான் அவர்களும் வேண்டிக்கொண்டார்கள்.

இந்த நேரத்தில்தான் திருச்சி விமான நிலையம் வளர்ச்சியடைந்தது. நாங்கள் பழகியிருந்த பழைய கட்டடத்தில் ஒரு வராந்தா, ஒரு வாசல். போகிறவனும் வருகிறவனும் அந்த ஒரே வாசலில் தோளை இடித்துக்கொள்வார்கள். கொளஞ்சியம்மாள் பார்வையாளர் சீட்டோடு முன்னதாகவே உள்ளே போய், அங்கேயே குடத்தை நிரப்பிக்கொண்டு, பயணி உள்ளே நுழையும்போது வெளியே வருவாள். எதிரே வருவதற்கென்றே கட்டியதுபோல இருந்தது அந்த வாசல்.

புதுக் கட்டடத்தில் கண்ணாடிக் கதவு வந்தது. பெட்டிகள் தாமாகவே சுற்றி வரும் ரப்பர் பட்டை வந்தது. ஓடுபாதையை நீட்டினார்கள், முன்னால் பெரிய போர்ட்டிகோ போட்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாசலை இரண்டாக்கிவிட்டார்கள். ஒரு கோடியில் 'புறப்பாடு', மறுகோடியில் 'வருகை'. புறப்பாட்டு வாசலில் உள்ளே போகலாம், வெளியே வரக்கூடாது. இத்தனை யோசித்த இன்ஜினீயர்கள், போகிறவனுக்கு எதிரே ஒருவர் வரவேண்டுமே என்பதை மட்டும் யோசிக்கவில்லை. கொளஞ்சியம்மாள் வாசல் காவலரிடம் நியாயம் கேட்டாள். "எதிர ஒரு ஆளு வராம எப்படிங்க ஒருத்தன் பயணம் போவான்? எல்லாரும் ஒரே பக்கமாப் போனா ஆட்டு மந்தையா?" காவலர், மேலிடத்தில் சொல்கிறேன் என்றார். சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

முதல் இரண்டு பயணங்களுக்குப் பக்கவாட்டில் வந்து பார்த்தாள். அதில் ஒருவன் மூன்றே வாரத்தில் மஞ்சள் காமாலையோடு ஊர் திரும்பினான். டீக்கடைகளில் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வழி கண்டுபிடித்துவிட்டாள். போர்ட்டிகோவின் வருகைக் கோடியில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. அங்கே குடத்தை நிரப்பிக்கொண்டு அவள் இந்தப் பக்கமாக நடப்பாள். வேனை மறுகோடியில் நிறுத்தி, பயணி அந்தப் பக்கமிருந்து நடந்து வரவேண்டும். புறப்பாட்டு வாசலுக்கு நாலடி முன்னால் இருவரும் நேருக்கு நேர் வருவார்கள். "கட்டடம் அவங்களது. வராந்தா நம்பளது" என்றாள்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. அதுவரை போகிறவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள், குழாய் அங்கே இருந்ததால், வருகிறவர்களின் வாசலில் நிற்கவேண்டி வந்தது. டேப்ரிக்கார்டரும் கம்பளியுமாக வெளியே வருகிறவர்கள் அவளைக் கண்டதும், "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று நின்றார்கள். ஒவ்வொருவனும் செல்லப்பன் போன திசையிலிருந்து வருகிறவன். அவர்களிடம் ஒரு வார்த்தை விசாரிக்கலாமே என்று மலர்க்கொடி ஒருநாள் சொன்னாள். "கேட்டாத்தானே பதிலு வரும்" என்றாள் கொளஞ்சியம்மாள். கேள்வி கேட்கச் சொல்லிப் பிள்ளைகளைத் தினமும் அதட்டுகிறவன் நான். அன்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பதில், கேட்காமலே கிளம்பியது. அவள் தெருக்காரன் ராசாங்கம், அவள் எதிரே வந்து அனுப்பியவன்தான், பெண்டாட்டிக்கு எழுதிய கடிதத்தில், "செல்லப்பன் அண்ணன் விஷயம் தெரியவந்தது. எழுதும்படியான விஷயம் அல்ல. பதினாறாம் தேதி வருகிறேன். நேரில் சொல்கிறேன்" என்று எழுதிவிட்டான். காலையில் வந்த கடிதம் மாலைக்குள் ஐந்து டீக்கடைக்கும் தெரிந்துவிட்டது. செத்துப்போனான் என்றார்கள் சிலர். அங்கேயே இன்னொரு குடும்பம் என்றார்கள் சிலர். அவள் காதுக்கும் போயிற்று. அன்று மாலை மூன்று நடைக்குப் பதிலாக ஆறு நடை தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாளாம்.

பதினாறாம் தேதிதான் அரங்கநாதனின் பயணமும். ராசாங்கத்தை இறக்கிவிடுகிற அதே விமானம்தான் இவனை ஏற்றிக்கொண்டு போகவேண்டும். மலர்க்கொடி ராத்திரியெல்லாம் புரண்டாள். "அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள இவங்க எதிர வந்துடணும். சேதி காதுல விழுந்துட்டா அப்புறம் எப்படிங்க?" என்றாள். "சீ, என்ன மனசு உனக்கு" என்று கடிந்துகொண்டேன். கடிந்துகொண்ட கையோடு, அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும்படி வேன்காரனுக்குச் சொல்லி அனுப்பினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கொளஞ்சியம்மாள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தோம். விடியற்காலையில் குளித்து, புதுக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "ஏன் வராம? வரேன்னு சொல்லியாச்சுல்ல." சன்னலோரம் உட்கார்ந்தாள். அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்பிய வேன் பாடாலூரில் பஞ்சராகி ஒன்றரை மணி நேரத்தை விழுங்கியது. மலர்க்கொடி தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டாள். நான் கடிகாரத்தைப் பார்ப்பதும், பார்க்காததுபோல தூரத்து மலையைப் பார்ப்பதுமாக நின்றேன். கொளஞ்சியம்மாள் மட்டும் இறங்கவேயில்லை. மடியில் குடத்தை வைத்துக்கொண்டு, அதற்குள்ளே கிடந்த ஒரு சொம்பு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விமானம் இறங்கிவிட்டது. அரங்கநாதன் பெட்டிகளை இறக்கினான். கொளஞ்சியம்மாள் குடத்தோடு குழாயடிக்கு விரைந்தாள். குடம் முக்கால்வாசி நிறைந்திருக்கும். கண்ணாடிக் கதவு திறந்து ராசாங்கம் வெளியே வந்தான். கறுத்து, பருத்து, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா…" என்றான்.

அவள் நிமிரவில்லை. "இரு ராசாங்கம். இந்தப் புள்ள போவட்டும்" என்றாள்.

குடம் விளிம்புக்கு வந்தது. தூக்கி இடுப்பில் வைத்தாள். அந்த நாற்பதடியையும் என்றைக்கும் நடப்பதுபோலவே நடந்தாள். அரங்கநாதனின் சட்டைப் பையைப் பார்த்தாள், மூன்று சொட்டுத் தளும்பியது, உதடு அசைந்தது. அவன் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனான்; திரும்பிப் பார்க்கவில்லை. மலர்க்கொடி "அப்பாடா" என்று மூச்சு விட்டாள். அறிவியல் ஆசிரியரும் விட்டார்.

எப்போதும் இந்த இடத்தில் கொளஞ்சியம்மாள் குரோட்டன்ஸ் செடிப் பக்கம் போவாள். இன்றைக்குப் போகவில்லை. குடத்தோடு அப்படியே நின்று, வருகைக் கோடியைப் பார்த்தாள். ராசாங்கம் குழாயடியில் இடம் மாறாமல், கண்ணாடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு நின்றான். ஊரெல்லாம் அவனவன் பயணத்துக்கு இவளை எதிரே வரச்சொன்னதே தவிர, இவளுக்கு எதிரே யாரும் வந்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குள் அவள் மலர்க்கொடியின் பக்கம் திரும்பிவிட்டாள்.

"வாத்தியாரம்மா, இந்தக் கொடத்தக் கொஞ்சம் வாங்குங்க."

மலர்க்கொடி ஒன்றும் புரியாமல் வாங்கினாள். பழக்கமில்லாத இடுப்பில் குடம் நிற்காமல் சரிந்தது; இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"அந்தக் கொழாயடி வரைக்கும் போயிட்டு, எதிர வாங்க."

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான்."

மலர்க்கொடி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் ராசாங்கம் நின்ற இடம்வரை போய், திரும்பி, பட்டுப்புடவையெல்லாம் நனைய, தள்ளாடித் தள்ளாடி வரத் தொடங்கினாள். முறையை மீறிக் கொளஞ்சியம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டாள், அழுதுகொண்டேதான் வந்தாள். பெட்டி சுமந்துகொண்டு குறுக்கே போகவிருந்த போர்ட்டர் ஒருவரை நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். என்ன சார் என்றார். கொஞ்சம் இருங்கள் என்றேன்.

கொளஞ்சியம்மாள் தாலிக்கயிற்றை ரவிக்கைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். முந்தானையைச் செருகினாள். குடம் தளும்பி அவள் பாதத்தை நனைத்தபோது, வலது காலை எடுத்து வைத்தாள்.